யுக்திபாஷையின் கர்ணம்: ஒரு கலைச்சொல் வரலாறு

செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைக் கொண்டு மூன்றாம் பக்கத்தைக் காணும் விதி, தமிழ்ப் பாடநூல்களில் பிதாகரஸ் தேற்றம் என ஆள்பெயரால் வழங்குகிறது. கேரளக் கணித மரபில் அது புஜா-கோடி-கர்ண நியாயம். பக்கங்களின் பெயர்களே விதியின் பெயராயின.

இந்நியாயத்தைக் காரணங்காட்டி நிறுவும் மலையாள உரைநடை நூல் ஜ்யேஷ்டதேவர் ஏறத்தாழ 1530இல் இயற்றிய யுக்திபாஷை. கொச்சி அரச மரபினரான இராமவர்ம (மரு) தம்புரான், அகிலேசுவர ஐயருடன் இணைந்து இதன் முதற்பகுதியை விளக்கவுரையுடன் 1948இல் திருச்சூரில் பதிப்பித்தார். கே. வி. சர்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வெளிவந்தது.

புஜம் என்பது கை. கோடி என்பது முனை. கர்ணம் என்பது காது. போதாயனரின் சுல்ப சூத்திரத்தில் இவ்விடத்தில் வருவது 'அக்ஷ்ணயா ரஜ்ஜு', அதாவது குறுக்குக் கயிறு. வேள்விமேடை அளந்த கயிற்றின் பெயர் பின்னர் மறைந்து, கர்ணம் நிலைபெற்றது. பாஸ்கரரின் லீலாவதி (1150) செங்கோணத்தை அடுத்த பக்கங்களுள் விரும்பிய ஒன்றைப் புஜமாகக் கொண்டால் மற்றது கோடியாகும் என்கிறது. எனவே இவற்றை 'அடிப்பக்கம்', 'உயரம்' எனப் பெயர்த்தல் பொருந்தாது. அவை கிடப்பையும் நிற்பையும் குறிக்கும் சொற்கள் அல்ல.

யுக்திபாஷை புஜத்தின் மீதும் கோடியின் மீதும் அமைந்த சதுரங்களை அடுத்தடுத்து வைத்து, முக்கோணத் துண்டுகளை வெட்டிச் சுழற்றிப் பொருத்துகிறது. கிடைப்பது கர்ணத்தின் மீதான ஒரே சதுரம். புஜம் 5, கோடி 12 எனின் 25உம் 144உம் கூடி 169. அதன் வர்க்கமூலமாகிய 13 கர்ணம். கர்ணம் 13, புஜம் 5 எனின் 169இல் 25 நீங்க 144, கோடி 12.

மொழிபெயர்ப்பாளருக்கு இடர் தருவது கர்ணமே. தமிழகப் பாடநூல்கள் அச்சொல்லையே ஆள, இலங்கைப் பாடநூல்கள் 'செம்பக்கம்' என்கின்றன. செம்பக்கம் செங்கோணத்திற்கு எதிர்ப்பக்கத்தைத் தெளிவாகச் சுட்டும் நல்ல ஆக்கம். ஆயினும் யுக்திபாஷை வட்டத்துள் அமைந்த நாற்கரத்தின் மூலைவிட்டங்களையும் கர்ணம் என்றே குறிக்கிறது. அங்கே செம்பக்கம் என எழுதினால் இல்லாத செங்கோணம் நூலுள் புகுந்துவிடும். இடத்திற்கேற்ப இரு சொற்களை ஆண்டால், மூலநூலார் ஒரே பொருளாகக் கண்ட தொடர்பு அறுந்துபோகும்.

ஆதலின் பள்ளி வகுப்பில் செம்பக்கம் நிற்கட்டும்; பழங்கணித நூல்களைப் பெயர்க்குங்கால் கர்ணம் என்பதை அவ்வாறே கொள்வதே முறையாகும். கலைச்சொல்லின் தகுதி அதன் தெளிவால் மட்டுமன்றி, அது நூலுள் ஆளும் பரப்பாலும் அளக்கப்பட வேண்டும்.