எண்ணிக்கையில் அடங்காத நடுக்கம்

பெங்களூரில் நடுக்குவாதம் பற்றிய ஆய்வுக்கு இரண்டு களங்கள் உண்டு. ஒன்று, ஓசூர் சாலையில் இன்று நிமான்ஸ் என்று அழைக்கப்படும் மருத்துவமனை. மற்றது, 1809இல் ஆங்கிலேயப் படைக்காக எழுந்த கன்டோன்மென்ட். உள்ளூர் வழக்கில் ‘தண்டு’. தண்டின் வடகிழக்கு ஓரத்தில் வளர்ந்த காக்ஸ் டவுன், ஏ.ஆர். காக்ஸ் என்ற கலெக்டரின் பெயரைத் தாங்கியது. படையோடும் வணிகத்தோடும் வந்த தமிழர்களும் ரயில்வே, தந்தித் துறைகளில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியரும் அருகருகே வாழ்ந்த பகுதி இது. நோயின் வரலாற்றில் அந்த அண்டை வாழ்வுக்கும் ஓர் இடம் கிடைத்தது, மிகவும் பிந்தி.

மருத்துவமனையின் தொடக்கம் 1847இல் சார்லஸ் இர்விங் ஸ்மித் என்ற மருத்துவர் நிறுவிய மனநோயாளர் விடுதி. 1925இல் அது மைசூர் அரசின் மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1954இல் அதனோடு இணைந்து அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றியது. இரண்டும் 1974இல் ஒன்றாகி நிமான்ஸ் ஆயின. மனநலத்துக்கென்று பிறந்த இடத்தில் நரம்பியலும் நரம்பு அறுவை மருத்துவமும் ஒரே கூரைக்கடியில் சேர்ந்தது இந்தியாவில் அரிதான ஏற்பாடு. பின்னால் வந்த ஆய்வுகளுக்கு அதுவே அடித்தளம்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதத்தை விவரித்தார். மூளையின் அடிப்பகுதியில் கருநிறத் திட்டாகத் தெரியும் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ இதில் சிதைகிறது என்று 1919இல் ட்ரெட்டியாக்கோஃப் காட்டினார். அங்குள்ள செல்கள் சுரக்கும் டோபமைன் குறைவதே கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும் நடை தளர்வதற்கும் காரணம் என்பது 1960 வாக்கில் உறுதியானது. அந்த டோபமைனாக உடலில் மாறும் எல்-டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இலேயே பிரித்தெடுத்தவர்கள் சென்னையின் தாமோதரனும் ராமசாமியும். ஆயுர்வேதம் ‘கம்பவாதம்’ என்று சொன்ன நோய்க்குப் பூனைக்காலி நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவந்தது. ஆனால் 1937இல் அந்த விதைக்கும் இந்நோய்க்கும் உள்ள வேதியியல் உறவை அறிந்தவர் உலகில் யாருமில்லை.

எல்-டோபா மருந்தாக நிலைபெற்றது 1960களின் இறுதியில்தான். அதற்கு முன் அறுவை முக்கிய வழிகளில் ஒன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் ஸ்டீரியோடாக்சிக் முறையை வளர்த்தனர். தலையில் உலோகச் சட்டம் பொருத்தி, அளவெடுத்து, மூளையின் ஆழத்தில் குறித்த புள்ளியை அடைவது அம்முறை. பெங்களூரில் ஆர்.எம். வர்மா வேறு பாதையில் போனார். பின்னாளில் நிமான்ஸின் முதல் இயக்குநரான அவர், சட்டம் எதுவுமின்றி வெறுங்கையால் ஊசியைச் செலுத்தினார். மண்டையோட்டின் அடியில் நரம்பு வெளியேறும் நீள்வட்டத் துளைதான் அவருடைய வாசல். அதன் வழியே மூளையின் ஆழத்தை எட்டி, சிறு பகுதியை அழிப்பார். ‘வர்மா முறை’ என்று அது பெயர் பெற்றது.

நோயின் வேர் நைக்ராவில் இருக்க, அக்கால அறுவை மருத்துவர்கள் தொட்டது மூளையின் நடுவிலுள்ள தலாமஸையும் அதை ஒட்டிய பாதைகளையும். நைக்ராவில் எதையும் சரிசெய்யாமலே நடுக்கம் நின்றது. செல் செத்ததைவிட, அது செத்ததால் தடம் மாறிய சமிக்ஞைதான் நோயாளியை உலுக்குகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. ஆனால் அதைச் சொல்லும் வரைபடம் அப்போது யாரிடமும் இல்லை. கை முந்திக்கொண்டது, விளக்கம் கால் நூற்றாண்டு பின்தங்கியது.

1986இல் அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் மூவரும், மூளையின் புறணியும் அடிக்கருக்களும் (பேசல் கேங்லியா) தலாமஸும் தனித்தனிச் சுற்றுகளாக இணைந்திருப்பதை விளக்கினர். அசைவுக்கு ஒரு சுற்று, கண்ணசைவுக்கு ஒன்று, திட்டமிடலுக்கு ஒன்று, உணர்ச்சிக்கு ஒன்று. டோபமைன் வற்றினால் அசைவுச் சுற்றில் ‘போ’ என்னும் பாதை மெலிகிறது, ‘நில்’ என்னும் பாதை ஓங்குகிறது. 1990இல் டிலாங் குழு, நோயூட்டப்பட்ட குரங்குகளில் சப்தலாமிக் கருவை அழித்தபோது இறுக்கம் நீங்கியது. அதே கருவில் மின்முனை பொருத்தித் தூண்டும் சிகிச்சை பிரான்சின் பெனாபித் வழியே சில ஆண்டுகளில் வந்தது.

பெங்களூரின் தனிப் பங்களிப்பு இதற்குப் பின் தொடங்குகிறது. 1995இல் நிமான்ஸில் எஸ்.கே. சங்கர் முன்னின்று மூளை வங்கி அமைத்தார். இறந்தவர் மூளைகளைக் குடும்பத்தார் இசைவோடு பாதுகாக்கும் இடம். முத்தானே, யஷா, சங்கர் ஆகியோர் நோயற்ற இந்தியர் மூளைகளில் நைக்ராவின் கரிய செல்களை எண்ணி, 1998இல் முடிவை வெளியிட்டனர். பிரிட்டனின் மூளைகளைவிட இங்கே ஏறக்குறைய 40 விழுக்காடு குறைவு. பிரிட்டனில் பத்தாண்டுக்கு 4.7 விழுக்காடு செல்கள் உதிர்வதாக 1991இல் கணக்கிட்டிருந்தனர். இந்திய மூளைகளில் வயதோடு அத்தகைய சரிவும் தென்படவில்லை. கையிருப்பு குறைந்தவருக்கு நோய் கூடுதலாக வர வேண்டும் என்பது எளிய கணக்கு. ஆனால் இந்தியாவில் நோயின் பரவல் ஐரோப்பாவைவிடக் குறைவு.

இப்புதிரை மரபுவழி பார்க்க உதவியவர்கள் பெங்களூரின் ஆங்கிலோ இந்தியர். காக்ஸ் டவுன், ரிச்மண்ட் டவுன், 1882இல் தனிக் குடியேற்றமாகத் தொடங்கிய வைட்ஃபீல்டு என்று நகரெங்கும் அவர்கள் இருந்தனர். ஐரோப்பிய, இந்திய மரபுகள் கலந்தவர்களிடம் நோய் இடைப்பட்ட அளவில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் 2003இல் வெளிவந்த ஆய்வு, கலப்பு மரபினருக்கு நோய்வாய்ப்பு குறைவு என்றே சொன்னது. ஒரே நகரத்தின் தண்ணீர், ஒரே காற்று, ஆனால் வேறு மரபு. அதனால்தான் இச்சிறு சமூகம் ஆய்வாளர் கண்ணில் பட்டது. சிறு சமூகம் என்பதாலேயே இதன் முடிவை மிகையாக நீட்டவும் கூடாது.

செல் எண்ணிக்கை மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை என்றால், எஞ்சிய செல்கள் எவற்றோடு எப்படிப் பேசுகின்றன என்பதே அடுத்த கேள்வி. அதற்கான கருவியை 1995இல் தந்தவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த பரத் பிஸ்வால். எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் ஒருவர் சும்மா படுத்திருக்கும்போதும், ஒரே வேலையைச் செய்யும் பகுதிகளின் ரத்த ஓட்டம் ஒன்றாக ஏறி இறங்குவதை அவர் காட்டினார். நடுக்கம் உள்ளவரை வேலை செய்யச் சொல்லாமலே மூளையின் இணைப்புகளை அளக்க இது வழிவிட்டது. நீர் மூலக்கூறுகள் பரவும் திசையைக் கொண்டு நரம்பிழைகளைத் தடம்பிடிக்கும் முறையும் அக்காலத்தில்தான் வந்தது.

இவற்றால் தெரிந்தது ஓர் இடமாற்றம். புட்டாமென் என்ற அடிக்கருவின் பின்பகுதியே டோபமைனை முதலிலும் அதிகமாகவும் இழக்கிறது. அதற்கும் புறணியின் அசைவு, புலன் பகுதிகளுக்கும் உள்ள ஒத்திசைவு குறைகிறது; ஒப்பீட்டளவில் பிழைத்திருக்கும் முன்பகுதியின் இணைப்பு கூடுகிறது. 2010இல் டச்சு ஆய்வாளர் ஹெல்மிக் குழு இதை விவரித்தது. பழக்கத்தால் தானே நடக்கும் அசைவுகளை நோயாளி யோசித்துச் செய்ய வேண்டியிருப்பதை இது ஓரளவு விளக்குகிறது: சட்டைப் பொத்தானைப் போடுவதற்கும் கவனம் தேவைப்படுகிறது. நடுக்கத்துக்கோ சிறுமூளைச் சுற்றும் துணைபோகிறது. அடிக்கருக்கள் நடுக்கத்தை மூட்டிவிட, சிறுமூளை, தலாமஸ், புறணி வழிச் சுற்று அதன் வீச்சைப் பெருக்குகிறது. தலாமஸைத் தொட்டவுடன் நடுக்கம் நின்றதன் காரணம் இங்கே கிடைக்கிறது. நினைவும் சிந்தனையும் தளரும் கட்டத்தில், மூளை ஓய்விலிருக்கையில் இயங்கும் வலையமைப்பும் நலிகிறது.

நிமான்ஸின் நரம்பியல், கதிரியக்கத் துறைகளும் பார்க்கின்சன் நோயாளிகளின் வெண்பொருளையும் இணைப்புகளையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளன. இருந்தும் ஒரு தனி மனிதருக்கு நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை இணைப்பு வரைபடத்திடம் இன்னும் வரவில்லை. குழுக்களுக்கிடையே வேறுபாடு தெரிகிறது. ஆளுக்கு ஆள் கலங்கிவிடுகிறது. மருத்துவர் இன்றும் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொல்கிறார், மணிக்கட்டை மடக்கி இறுக்கம் பார்க்கிறார், கூடத்தில் நடந்து திரும்பச் சொல்கிறார்.