அட்டையில் செய்த கிதார்



எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு கேட்பதோடு சரி. ஒரு வாத்தியத்தையும் தொட்டு வாசித்தவன் இல்லை. அப்படிப்பட்டவன் கிதாரைப் பற்றி எழுதக் காரணம் என் மகள் வயிற்றுப் பேரன். கையால் கிதார் செய்கிற ஒருவரிடம் தனக்கென்று ஒன்று செய்யக் கொடுக்கப் போகிறானாம். பாதிப் பணம் தாத்தா தர வேண்டும் என்பது ஏற்பாடு. செய்பவர் அனுப்பிய கேள்விப் பட்டியலை எனக்கும் அனுப்பியிருந்தான். முன்பலகைக்கு என்ன மரம், முதுகுக்கு என்ன மரம், தந்தி நீளம் எவ்வளவு, கழுத்தின் அகலம் எவ்வளவு என்று இரண்டு பக்கம். முதுகுப் பலகைக்கு நேராக இருந்த விலைகளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தேன்.

பணம் கொடுப்பவன் விஷயம் தெரிந்து கொடுக்க வேண்டும் அல்லவா? பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த புண்ணியம், இந்தத் துறையில் பிரெஞ்சில் படிக்க நிறையவே இருக்கிறது. கிதார், வயலின் செய்பவரைப் பிரெஞ்சில் 'லூத்தியே' என்பார்கள். 'லூத்' என்ற பழைய தந்தி வாத்தியத்திலிருந்து வந்த பெயர். அந்த 'லூத்'தும் அரபு 'அல்-ஊத்'திலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தந்தி தனியாகப் பெரிய சத்தம் எழுப்பாது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக முன்பலகைக்குப் போய், அந்தப் பலகை காற்றை அசைக்கும்போதுதான் நம் காதுக்குக் கேட்கிறது. பலகை மெல்லியதாக இருந்தால் நன்றாக அதிரும். ஆனால் இன்றைய நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கின்றன. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் பலகை அதைத் தாங்க வேண்டும். தடிமன் கூடினால் ஊமை, குறைந்தால் உடைசல். கிதார் செய்பவர் எடுக்கிற முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். நம் தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில் குடைந்து எடுப்பார்கள். கிதாரோ மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டிய பெட்டி.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸில் புகழ்பெற்றிருந்தவர் ரெனே லாகோத். கேட்பவருக்குத் தகுந்தபடி செய்து கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். கருல்லி என்ற இத்தாலிய வித்வானோடு சேர்ந்து 1826இல் பத்துத் தந்தி கிதார் ஒன்றை உருவாக்கினார். நப்போலியோன் கோஸ்த் என்ற வித்வானுக்கு ஏழு தந்தி கிதார். கூடுதலாக வந்த மந்தரத் தந்திகள் விரல் பலகைக்கு வெளியே தனியாக நிற்கும். ஆனால் லாகோத்தின் கிதார்கள் இன்றையதைவிடச் சின்னவை. முன்பலகையின் உள்பக்கம் ஏணிப் படிகள் போலக் குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருக்கும். பலம் உண்டு, இனிமையும் உண்டு. வரவேற்பறையில் இருபது பேர் கேட்கப் போதும். பெரிய மண்டபத்துக்குப் போதாது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ். 1817இல் அல்மெரியா அருகே பிறந்தவர். அடிப்படையில் தச்சர். பிழைப்புக்காக செவில் நகருக்குப் போய்க் கிதார் செய்யத் தொடங்கினார். ஹூலியான் ஆர்காஸ் என்ற வித்வான் அவருக்கு ஊக்கம் கொடுத்தார் என்பார்கள். 1858இல் செவில் கண்காட்சியில் அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

தோரெஸ் செய்த மாற்றங்களைக் கேளுங்கள். உடலைப் பெரிதாக்கினார், ஆனால் எடையைக் கூட்டவில்லை. முன்பலகையை மெல்லியதாக இழைத்தார். உள்பக்கம் ஏணிப் படிக்குப் பதிலாக விசிறி மடிப்பைப் போல விரிகிற ஏழு மெல்லிய சட்டங்கள். விசிறிச் சட்டம் அவர் கண்டுபிடித்தது அல்ல. அவருக்கு முன்பே காதிஸ், செவில் நகரத்துக் கைவினைஞர்கள் மூன்று, ஐந்து என்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தோரெஸ் அதைச் சீராக்கி முழுமைப்படுத்தினார். சட்டங்கள் பலகையின் நார் ஓடுகிற திசையை ஒட்டிப் போவதால் இழுவையைத் தாங்கும், அதிர்வையும் அதிகம் தடுக்காது. இன்னொன்று, முன்பலகையைத் தட்டையாக விடாமல் மிக லேசாகக் குமிழ் போல மேலெழச் செய்தார். ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வளைவு, தட்டையைவிடக் குறைந்த கனத்தில் பாரம் தாங்கும். தந்தி நீளத்துக்கு அவர் பல கிதார்களில் வைத்த 650 மில்லிமீட்டர்தான் இன்றைக்கும் பொது அளவு. பேரனின் பட்டியலில் முதலில் இருந்ததும் அதே 650தான்!

இனித் தலைப்புக்கு வருகிறேன். 1862இல் தோரெஸ் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். ஒரு கிதாரின் முதுகையும் பக்கங்களையும் அட்டையால் செய்தார். ஆம், காகித அட்டை! முன்பலகை மட்டும் வழக்கமான நல்ல ஸ்ப்ரூஸ் மரம். குளிர் மலைகளில் மெதுவாக வளர்ந்து, வருட வளையங்கள் நெருக்கமாக விழுந்த மரம் அது. ஒலியைத் தீர்மானிப்பது முன்பலகைதான், மற்றவையெல்லாம் இரண்டாம்பட்சம் என்று காட்டுவதற்காக அவர் அப்படிச் செய்ததாகக் கருதுகிறார்கள். அந்த அட்டைக் கிதார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்குப் பேரனின் விலைப்பட்டியல் ஞாபகம் வந்தது. அதில் அதிக விலை போட்டிருந்தது முதுகுப் பலகைக்கு, பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டுக்கு. 1992 முதல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்குக் கடுமையான தடை இருக்கிறது. பழைய இருப்புக்குத்தான் அந்த விலை. அதற்கு மாற்றாக உலகம் முழுக்கப் பயன்படுவது எது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். முதுகு மரத்தால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒலியின் நிறத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் தோரெஸின் அட்டை, எது முதலில் எது பிறகு என்று வரிசையைச் சொல்லிவிடுகிறது.

1869இல் தார்ரெகா என்ற பதினேழு வயதுப் பையன் தோரெஸிடம் கிதார் வாங்கப் போனான். பின்னாளில் கிதார் உலகின் பெரிய பெயர்களில் ஒன்று அது. முதலில் சாதாரணக் கிதார் ஒன்றைக் கொடுத்த தோரெஸ், பையன் வாசிப்பதைக் கேட்டதும் உள்ளே போய், தனக்கென்று வைத்திருந்த 1864ஆம் வருடத்துக் கிதாரை எடுத்துவந்து கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அதன் முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட் அல்ல, மேப்பிள்.

இவ்வளவு திறமை இருந்தும் தோரெஸுக்குக் கிதாரால் குடும்பம் நடத்த முடியவில்லை. 1870 வாக்கில் அல்மெரியாவுக்கே திரும்பி, மனைவியோடு பீங்கான், கண்ணாடிச் சாமான் கடை நடத்தினார். சில வருடங்கள் கழித்து மறுபடி உளியை எடுத்தார். அந்தக் கிதார்களின் உள்ளே ஒட்டிய சீட்டில் 'இரண்டாம் காலம்' என்று அச்சிட்டு, வருடமும் வரிசை எண்ணும் எழுதினார். கோப்புகளுக்கு எண் போட்டே காலம் கழித்தவன் நான். அந்தச் சீட்டின் படத்தைப் பார்த்தபோது ஏதோ சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. 1892இல் இறக்கும்வரை கிதார் செய்துகொண்டிருந்தார்.

அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் பல வருடங்கள் கழித்து, 1931இல், ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். உங்கள் ரகசியத்தைச் சொல்லாமலே போய்விடுவீர்களா என்று கேட்டதற்கு, அது என்னோடுதான் போகும், ஏனென்றால் அது என் கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் இருக்கிறது என்ற பொருளில் தோரெஸ் பதில் சொன்னாராம். பலகையை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தடவி, போதுமா, இன்னும் இழைக்கலாமா என்று அந்த விரல்கள் சொல்லும்.

இதற்கு நேர் எதிரான ஒருவர் பாரிஸில் இருந்தார். ரொபேர் பூஷே, 1898இல் பிறந்த ஓவியர். 1946இல், ஐம்பதை நெருங்கும் வயதில், முதல் கிதாரைச் செய்தார். தோரெஸின் விசிறியை ஏற்றுக்கொண்டு, பிறகு குதிரைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தையும் சேர்த்தார். இடா பிரெஸ்தி, அலெக்சாந்தர் லாகோயா, ஜூலியன் பிரீம் போன்றவர்கள் அவர் கிதாரை வாசித்தார்கள். பூஷே எதையும் மறைக்கவில்லை. அளவுகளையும் முறைகளையும் படம் வரைந்து ஒரு பட்டறைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அது பின்னாளில் அச்சாகியும் வந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். ஆனாலும் பூஷே கையால் செய்த கிதாரைத்தான் தேடுகிறார்கள்.

நான் பணி ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பின் வந்தவரிடம் பதிவேடு, சாவி, நிலுவைக் கோப்புகளின் பட்டியல் எல்லாம் எழுத்தில் ஒப்படைத்தேன். ஒன்றும் விடவில்லை என்று நம்பினேன். ஆறு மாதம் வரை அவர் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எந்த மனுவை உடனே மேலே அனுப்ப வேண்டும், எதை ஒரு நாள் பொறுத்து அனுப்ப வேண்டும் என்பது என் பட்டியலில் இல்லை. அதை எப்படி எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பூஷே எழுதியதும் சரி, தோரெஸ் சொன்னதும் சரி என்று தோன்றுகிறது.

பேரனுக்கு நேற்று பதில் எழுதினேன். "முதுகுக்கு ஈட்டி போதும். மிச்சமாகும் பணத்தில் முன்பலகை இருப்பதிலேயே நல்லதாக எடு. உன் கை சின்னது, 650 வேண்டுமா 640 வேண்டுமா என்று காகிதத்தில் முடிவு செய்யாதே. ரயில் ஏறிப் போய், அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டு. அவர் உன் கையைப் பார்க்கட்டும். ரயில் செலவும் தாத்தா கணக்கு."

"சரி தாத்தா, ஆனா அட்டையில வேணாம்" என்று பதில் வந்திருக்கிறது.