கரி பஸ்ஸிலிருந்து காருக்கு அடியில் இருக்கும் நெளிகுழாய் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். கார், வேன் ஓட்டுகிறவர்களுக்கு அது அவசியம்.

நம் மதுரைப் பக்கத்தில் ஒரு காலத்தில் பஸ் அடுப்புக்கரியில் ஓடியது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். உங்கள் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், "கரி பஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலரும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதை, கிளீனர் வியர்க்க வியர்க்கக் கைப்பிடியைச் சுற்றிய கதை, வெள்ளை வேட்டியில் கரி ஒட்டிய கதை எல்லாம் வரும்.

ஏன் கரி? இரண்டாம் உலகப் போர். 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது நமக்கு எண்ணெய் வந்த முக்கியமான இடங்களில் ஒன்று பர்மா. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அடுத்த மாதமே ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை, எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று பிரிட்டிஷார் தாங்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இருக்கிற பெட்ரோல் ராணுவத்துக்கே போதவில்லை. ஊருக்கு ஓடும் பஸ்ஸுக்கு எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று வேலை பார்த்துவிட்டு, அதெல்லாம் வேண்டாம் என்று 1911இல் சொந்த நிறுவனம் தொடங்கி, 1912இல் பஸ் ஓட்ட இறங்கினார். மதுரை அவருடைய தலைமையிடமானது. காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் இவருடைய மகள்தான். பெட்ரோல் கிடைக்காத அந்தப் போர்க்காலத்தில் சுந்தரம் ஐயங்கார், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவி ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தார். "டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்" என்று அதற்குப் பெயர்.

கரியில் எப்படி எஞ்சின் ஓடும்? வகுப்பில் சொன்ன மாதிரியே சொல்கிறேன். குமுட்டி அடுப்பில் கரி நன்றாகப் பிடித்த பிறகு மேலே நீல நிறத்தில் மெல்லிய சுடர் ஒன்று ஆடும், பார்த்திருக்கிறீர்களா? அடியில் காற்று பட்ட கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அது மேலே வரும்போது இன்னும் எரியாத சிவந்த கரியின் வழியாக வர வேண்டும். அந்தக் கரி அதிலிருந்து பாதி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. அது எரியக்கூடிய வாயு. அந்த நீலச் சுடர் அதுதான்.

காஸ் பிளாண்டில் நடப்பதும் இதே விஷயம். உயரமான இரும்பு டிரம்மில் மேலே கரியைக் கொட்டி மூடி, கீழே சிறு துவாரம் வழியாகக் காற்று விடுவார்கள். வரும் வாயுவைக் குழாய் வழியாகக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விடுவார்கள். காலையில் முதலில் ஊதியைக் கையால் சுற்றித் தணலை உயிர்ப்பிக்க வேண்டும், அதற்குத்தான் கிளீனர். பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும், ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுவே. மதுரையைச் சுற்றியிருப்பது சமவெளி என்பதால் சமாளித்தார்கள். ஆண்டிப்பட்டிக் கணவாய், நத்தம் மலைப்பாதை என்று வந்தால்தான் திண்டாட்டம்.

நம் ஊரில் மட்டும் நடந்த சங்கதி இல்லை இது. ஐரோப்பா முழுவதும் போர்க்காலத்தில் இப்படி ஓடிய வண்டிகளைப் பத்து லட்சம் அளவில் கணக்கிடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் விறகு, இங்கே கரி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்: குழாய்.

கரி வண்டிக் குழாயில் ஒரு சிறு கசிவு இருந்தால் என்ன ஆகும்? எஞ்சின் ஓடும்போது அது வாயுவை உறிஞ்சுகிறது. அதனால் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. கசிவு வழியாக வாயு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கலவை கெட்டு, வண்டி திணறும். ஆனால் ஊதியைச் சுற்றும்போதும், எஞ்சினை நிறுத்திய பிறகு தணல் கனன்றுகொண்டிருக்கும்போதும் நிலைமை தலைகீழ். இப்போது அதே ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடு வெளியே வரும். ஆக ஒரே ஓட்டைக்கு இரண்டு திசை. ஒரு திசையில் வண்டிக்குக் கேடு, மறு திசையில் மனிதனுக்குக் கேடு. ஸ்வீடனில் அந்த ஆண்டுகளில் இந்த வாயுவால் பாதிக்கப்பட்டவர்கள் அதிகமாகி, மருத்துவர்கள் தனியாக ஆராய வேண்டிய நிலை வந்தது. இந்த இரண்டு திசைக் கதையை மறக்காதீர்கள். இன்றைய காரிலும் இது அப்படியே வரும்.

சரி, ஓட்டை விழாமல் குழாய் போட வேண்டியதுதானே என்றால், அங்கேதான் சிக்கல். எஞ்சின் ஆடும். டிரம்மும் சட்டமும் வேறு மாதிரி ஆடும். இரண்டையும் விறைப்பான குழாயால் இணைத்தால் இணைப்பில் விரிசல் விடும். ரப்பர் குழாய் போடலாம், ஆனால் சூட்டைத் தாங்காது. வளையவும் வேண்டும், சூடும் தாங்க வேண்டும், கசியவும் கூடாது. மூன்றும் சேர்ந்த குழாய்க்கு எங்கே போவது?

இதற்கு விடை நகைப் பட்டறையிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியில் ஃபோர்ட்ஸ்ஹைம் என்று ஒரு நகரம். நம் தெற்காவணி மூல வீதி எப்படியோ, அந்த ஊரே அப்படி நகைத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே நகை செய்துகொண்டிருந்த ஹைன்ரிச் விட்சென்மான் என்பவரும், பிரான்சைச் சேர்ந்த யூஜின் லெவவாசர் என்பவரும் 1885இல் உலோக நெளிகுழாயைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அங்கே "வாத்துத் தொண்டை" என்று ஒரு கழுத்துச் சங்கிலி இருந்தது. மெல்லிய உலோகப் பட்டையை ஓரங்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும்படி சுருள் சுருளாகச் சுற்றிச் செய்வது. எப்படி வளைத்தாலும் வளையும், உள்ளே வெற்றிடம். இதைப் பெரிதாகச் செய்தால் குழாய் ஆகுமே என்று யோசித்ததுதான் அவர்கள் சாமர்த்தியம்.

ஆனால் அதில் ஒரு குறை. இரண்டு கைவிரல்களையும் கோத்துப் பாருங்கள். பிடி பலமாக இருக்கும், ஆனால் தண்ணீர் ஊற்றினால் ஒழுகும். அதே மாதிரி கொக்கிகளுக்கு இடையில் சந்து இருந்தது. அதை அடைக்க, சுற்றும்போதே பட்டையின் மடிப்புக்குள் ரப்பர் நூலை வைத்துச் சுற்றினார்கள். சூடான இடங்களுக்குக் கல்நார் நூல். முழுத் தீர்வு பிறகுதான் வந்தது: கொக்கியே வேண்டாம், ஒரே முழுக் குழாயின் சுவரை ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக நெளித்துவிடுவது. சந்து இல்லை, ஆகவே கசிவும் இல்லை. இதைத்தான் பெல்லோஸ் என்கிறார்கள்.

போர் முடிந்தது, பெட்ரோல் திரும்ப வந்தது, டீசல் பஸ்கள் வந்தன. கரி டிரம்கள் பழைய இரும்புக்குப் போயின. சுந்தரம் ஐயங்கார் 1955இல் காலமானார். ஆனால் குழாய்ப் பிரச்சினை சாகவில்லை. வண்டியின் இன்னொரு முனைக்கு, புகை போகும் பக்கத்துக்கு, இடம் மாறிக்கொண்டது.

பழைய அம்பாசடர் காரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். புகைக்குழாயும் அதே திசையில் பின்னால் போகும். எஞ்சின் பக்கவாட்டில் ஆடினாலும் குழாய் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி, எஞ்சின் குறுக்குவாக்கில். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் இந்த மாதிரி எஞ்சின் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும். அதோடு சேர்ந்து புகைக்குழாயின் முன்பகுதி ஆட, பின்பகுதி வண்டியோடு நிற்க, நடுவில் எலும்பு மூட்டு மாதிரி ஒன்று தேவைப்பட்டது. சில வண்டிகளில் ஸ்பிரிங் போல்ட் வைத்த கிண்ண மூட்டு, பல வண்டிகளில் நெளிகுழாய். நம் மெக்கானிக்குகள் சொல்லும் "ஃபிளெக்ஸ் பைப்" இதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் கம்பி வலை சுற்றிய ஒரு சாண் குழாய். உள்ளே மூன்று அடுக்கு. நடுவில் கசியாத பெல்லோஸ். அதற்கு உள்ளே, சூடான புகை நேராக மடிப்புகளில் மோதாமல் காக்க, வாத்துத் தொண்டைச் சங்கிலியின் பேரன் போல ஒரு சுருள் குழாய். 1885இல் தனியாகக் கசிந்தது, இப்போது பெல்லோஸுக்குக் காவலாள் ஆகிவிட்டது. வெளியே எஃகுக் கம்பி வலை, கல் படாமலும், அளவுக்கு மேல் நீளாமலும் பிடித்துக்கொள்ள.

அந்த பெல்லோஸ் தகடு எவ்வளவு தடிமன் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கு அளவுதான். தடித்ததாகப் போட்டால் பலமாக இருக்குமே என்று தோன்றும். தடித்த தகரத்தை இப்படியும் அப்படியும் வளைத்தால் சில தடவையில் முறிந்துவிடும். மெல்லிய தகடு அதே வளைவைப் பலமுறை தாங்கும். வளைவு ஒன்றாக இருந்தால், தடிமன் கூடக் கூட மேற்பரப்பு இழுபடுவதும் கூடும். அதனால் தகட்டை மெல்லியதாக்கி, மடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஆட்டத்தை எல்லா மடிப்புக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். அழுத்தம் தாங்கவும் வேண்டும் என்றால் ஒரு தடித்த தகட்டுக்குப் பதில் இரண்டு மெல்லிய தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று வைக்கிறார்கள். மெல்லிய தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு.

புகை கொஞ்சம் கசிந்தால்தான் என்ன, பின்னால் போகிற புகைதானே என்று கேட்கலாம். முன்பு சத்தம் மட்டும்தான் பிரச்சினை. 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி வந்தது. இப்போது புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. எஞ்சின் புகையைத் துடிப்புத் துடிப்பாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு கணம் அழுத்தம் குறையும். சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் அதை நம்பி, "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் போகும், நாளடைவில் கன்வெர்ட்டரும் போகும். அடுத்த கணம் அதே ஓட்டையில் நச்சுப் புகை வெளியே வரும். கரி பஸ்ஸின் இரண்டு திசைக் கதை மறுபடி வந்துவிட்டது பாருங்கள்.

இனி நடைமுறை. ஃபிளெக்ஸ் பைப் கிழிந்தால் "நேர் பைப்பை வச்சு வெல்டிங் அடிச்சுடலாம் சார், செலவு கம்மி" என்று சில இடங்களில் சொல்வார்கள். வேண்டாம். மூட்டை எடுத்துவிட்டு முழங்காலுக்குக் கம்பு கட்டியது போல ஆகிவிடும். ஆட்டம் எங்கும் போகாது, அடுத்துப் பலவீனமான இடத்தை, பெரும்பாலும் மேனிஃபோல்டையோ அதன் இணைப்பையோ உடைக்கும். சரியான நீளத்தில் புது நெளிகுழாய்தான் போட வேண்டும். முறுக்காமல், இழுக்காமல் பொருத்தச் சொல்லுங்கள், நெளிகுழாய் வளைவதைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதுக் குழாயும் சீக்கிரம் போகும்.

கசிவை எப்படித் தெரிந்துகொள்வது? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வண்டியின் முன்புறம் அடியில் "டப் டப்" என்று சத்தம் வரும். எஞ்சின் ஆறிய பிறகு குனிந்து பார்த்தால் கம்பி வலையில் கரும்புகைத் தடம் தெரியும். உயரமான வேகத்தடையில் அடி உரசியிருந்தால் உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தூக்கம். தூக்கம்தான் ஆபத்து, ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் களைப்பு என்று நினைத்துக் கண்ணை மூடிவிடுவார்.

டாக்சி ஓட்டும் என் மாணவர்களே, சவாரிக்குக் காத்திருக்கும்போது கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யில் தூங்காதீர்கள். வெயில் கொடுமைதான், எனக்கும் தெரியும். மர நிழலில் கதவைத் திறந்து வைத்துப் படுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். ஓம்னி வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், அதில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. வேனில் வரும்போது பிள்ளைகள் தினமும் தலைவலி என்று சொன்னால் பெற்றோர் அதைச் சாக்கு என்று எண்ணிவிடாமல், புகைக்குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியில் யாராவது மயங்கினால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், வெளியே காற்றுக்குக் கொண்டுவாருங்கள், உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.

கரி பஸ்ஸில் ஊதியைச் சுற்றிய கிளீனர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதைக் கீழே எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அதுவும் புகையாகப் போய்விடும்.

எல்லோரும் நலமாக இருங்கள். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்