இடுப்பு மூட்டுக்கு மாற்று வந்த கதை



பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர், முதுமையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களால் செருப்பை மாட்டக் குனிய முடியாது, படியேற முடியாது. இரவில் புரண்டு படுத்தால் வலியால் உறக்கம் கலைந்துவிடும். "வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது?" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒரு மூலையில் அமர்ந்துவிடுவார்கள். ஆனால், தேய்ந்த மூட்டை அகற்றிப் புதிய மூட்டை வைக்கும் அறுவைச் சிகிச்சை இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. அது எவ்வாறு உருவாயிற்று என்பதை இன்றைய உரையில் காண்போம்.

முதலில் மூட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது. இடுப்பெலும்பில் அந்தப் பந்து பொருந்தி உருளுவதற்கு ஒரு கிண்ணம் இருக்கிறது. இரண்டின் மீதும் வழுவழுப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் எலும்பும் எலும்பும் உராயும், வலி பிறக்கும்.

இந்த மூட்டைப் புதுப்பிக்கும் முயற்சி நூறாண்டுக்கும் மேற்பட்டது. 1891ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தெமிஸ்டோக்லஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தால் பந்து செய்து பொருத்தினார். 1923இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்மித்-பீட்டர்சன் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். உடலின் பாரத்தில் கண்ணாடி உடைந்தது. 1938இல் அவர் உலோகக் கலவைக்கு மாறினார். நமக்கு அருகிலுள்ள பர்மாவிலும் 1960இல் மாண்டலே நகர மருத்துவர் சான் பாவ், எலும்பு முறிந்த நோயாளிகளுக்குத் தந்தத்தால் பந்து செய்து வைக்கத் தொடங்கினார்.

பிரான்சு நாட்டின் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் பந்து செய்தனர். அதைப் பொருத்திக்கொண்ட ஒருவர் அசையும்போதெல்லாம், எண்ணெய் காணாத சைக்கிளைப் போல் இடுப்பு கிறீச்சிட்டது. அவருடைய மனைவிக்கே அந்தச் சத்தம் பொறுக்கவில்லையாம். இதைக் கேட்டுச் சிந்தனையில் ஆழ்ந்தவர்தான் நம் கதையின் நாயகர், இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி.

சார்ன்லி 1911ஆம் ஆண்டில் லங்காஷயர் வட்டாரத்தில் பிறந்தவர். ரைட்டிங்டன் என்னுமிடத்தில், முன்பு காசநோயாளிகள் தங்கியிருந்த மருத்துவமனை ஒன்றில் இடுப்பு மூட்டுக்கென்றே தனிப் பிரிவை அமைத்தார். உராய்வைக் குறைக்க அவர் இரண்டு வழிகளைக் கண்டார். ஒன்று, தானே வழுக்கும் பொருளால் கிண்ணம் செய்வது. மற்றொன்று, பந்தைச் சிறிதாக்குவது. கிணற்றுக் கப்பியின் அச்சு மெல்லியதாக இருந்தால் கயிறு எளிதாக ஓடுமல்லவா? அதே முறைதான். அவர் வைத்த உலோகப் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் மட்டுமே. பொய்ப்பல் கட்டப் பயன்படும் அக்ரிலிக்கைக் குழைத்து, செங்கல்லுக்கு இடையே சாந்து பூசுவதுபோல் இட்டு, புதிய மூட்டை எலும்பில் நிலைநிறுத்தினார்.

கிண்ணத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த பொருள் டெஃப்லோன். ஒட்டாத வாணலிகளில் பூசப்படுவதும் அதுவே. ஏறத்தாழ 300 பேருக்கு அதைப் பொருத்தினார். வலியால் துடித்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால், அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் டெஃப்லோன் தேய்ந்து துகளாகியது. அந்தத் துகள்கள் உள்ளே கட்டிகளை உண்டாக்கி எலும்பை அரித்தன. நடந்து சென்றவர்கள் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தோல்வியை மறைக்கவில்லை. அந்த நோயாளிகளுக்கு மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்து, தாம் வைத்த கிண்ணங்களை அகற்றினார்.

1962ஆம் ஆண்டில் விற்பனையாளர் ஒருவர், ஆலை இயந்திரங்களின் பல்சக்கரங்களுக்குப் பயன்படும் ஒருவகைப் பிளாஸ்டிக்கைக் கொண்டு வந்தார். அதன் பெயர் பாலிஎதிலின். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார். அவருடைய பட்டறைக் கைவினைஞர் ஹாரி கிரேவன் விடவில்லை. தாமே அமைத்த தேய்ப்பு இயந்திரத்தில் அதை வைத்து ஓடவிட்டார். டெஃப்லோன் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட இந்தப் பொருள் மூன்று வாரங்களில் தேயவில்லை! ஒரு தொழிலாளியின் விடாமுயற்சியே ஒரு பேரறிஞரின் கண்ணைத் திறந்தது.

ஆயினும், சூடுபட்ட சார்ன்லி இம்முறை அவசரப்படவில்லை. இரண்டு பொருள்களையும் தம் தொடையிலேயே புதைத்துச் சோதித்தார். டெஃப்லோன் வைத்த இடம் முடிச்சாக வீங்கியது. பாலிஎதிலின் வைத்த இடம் கைக்கே தட்டுப்படவில்லை. 1962 நவம்பரில் புதிய கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். அதன் பிறகும் பல ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். தம்மிடம் பயிற்சி பெறாதவர்கள் அதைப் பயன்படுத்தலாகாது என்றும் தடுத்து வைத்தார். அறுவைச் சிகிச்சை அறையின் காற்றைத் தூய்மைப்படுத்தியதால், நூற்றுக்கு ஏழு பேருக்கு வந்துகொண்டிருந்த சீழ்த்தொற்று ஒருவருக்கும் கீழே இறங்கியது. 1977இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது, 1982இல் காலமானார்.

இன்று இந்தச் சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது? முதலில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள், அல்லது முழு மயக்கம் கொடுப்பார்கள். பிறகு இடுப்பின் பின்புறமோ, பக்கவாட்டிலோ, முன்புறமோ கீறித் தேய்ந்த பந்தை அறுத்தெடுப்பார்கள். கிண்ணத்தைக் குடைந்து புதிய கிண்ணத்தை அமர்த்துவார்கள். தொடை எலும்பின் உட்குழியில் உலோகத் தண்டைச் செருகி, அதன் மேல் பந்தைப் பொருத்துவார்கள். சாந்தே இல்லாமல், எலும்பு தானே வளர்ந்து பற்றிக்கொள்ளும் சொரசொரப்பான தண்டுகளும் உண்டு. நோயாளியை அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கச் செய்வார்கள்.

எல்லாருக்கும் கத்தி தேவையில்லை. ஊன்றுகோல், உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவை முதற்படிகள். இடுப்பு மூட்டின் வலி கவட்டில் தெரியும்; சில வேளைகளில் முழங்காலில் மட்டுமே தெரியும். ஆகவே, முழங்காலுக்குத் தைலம் தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுவதே நன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் எப்படி உட்காரலாம், எப்படிக் குனியலாம் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குந்தி உட்காருவதும் கால்மேல் கால் போடுவதும் புதிய பந்தைக் கிண்ணத்திலிருந்து நழுவச் செய்யக்கூடும். நம் வீடுகளில் குந்தும் பழக்கம் இருப்பதால் இதை மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. 2010ஆம் ஆண்டில் ஒருவகை உலோக மூட்டு, துகள் உதிர்ந்து தீங்கு செய்ததால், பல நாடுகளிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டது. புதியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்று சார்ன்லி கற்ற பாடத்தை உலகம் மறுபடியும் கற்றது. நோயாளிகள் ஆண்டுகள் கழித்தும் திரும்பி வந்து காட்டியதால்தான் இத்தகைய குறைகள் வெளிப்பட்டன. எனவே, வலி இல்லை என்று நம் பெரியவர்கள் மறுபரிசோதனையைத் தவிர்த்தால், நாமே அவர்களை அழைத்துச் செல்வோம்.

முதற்கோணல் முற்றும் கோணல் என்பார்கள். கோணலை ஒப்புக்கொண்டு நிமிர்த்தியவர் ஒருவர் இருந்ததால், கோடிக்கணக்கானோர் இன்று நிமிர்ந்து நடக்கிறார்கள். மூலையில் அமர்ந்திருக்கும் நம் பாட்டியிடமும் தாத்தாவிடமும் இன்று மாலையே கேட்போம்: "எங்கே வலிக்கிறது?"