பன்னத்தின் சாதி



கொட்டகலைத் தேயிலை மலைகளில் ஓடை இறங்கும் ஈரமான பள்ளங்களில் மரப்பன்னங்கள் குடை விரித்து நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பன்னம் பூக்காது, காய்க்காது. இலையின் முதுகில் பழுப்புப் புள்ளிகளாக வித்திகளைச் சுமந்து நிற்கும். பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் வருணம், குடும்பம், சாதி, இனம் என்று எழுதியபோது, 'செடிக்குமா சாதி!' என்று பின்வாங்கில் இருந்து சிரித்தோம். அந்தச் சாதியின் வரலாற்றையே இன்று சொல்ல வந்தேன்.

1793இல் ஜேம்ஸ் எட்வர்ட் சிமித் என்ற ஆங்கிலேயர் மரப்பன்னச் சாதியொன்றுக்குச் 'சயாதியா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் அது சிறு கிண்ணத்தைக் குறிக்கும். வித்திக் குவையைச் சுற்றிக் கிண்ணம் போன்ற உறை இருந்ததே காரணம். 1810இல் ரொபர்ட் பிரவுண் உறையில்லாதவற்றை 'அல்சோபிலா', அதாவது சோலையை விரும்புவது, என்று பிரித்தார். அரைக் கிண்ணம் உள்ளவற்றுக்கு 'ஹெமிடீலியா' என மூன்றாவது சாதியும் பிறந்தது. கிண்ணத்தைப் பார்த்துச் சாதி சொல்லும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. இலங்கைப் பன்னங்களையும் சேர்த்து பெட்டோம் 1883இல் வெளியிட்ட கைநூலும் அதிலேயே நின்றது.

1947இல் கோப்லண்ட் எல்லாவற்றையும் சயாதியாவுக்குள் அடக்கினார். 1970இல் டிறையன் கிண்ணத்தை விட்டு, இலைக்காம்பின் செதில்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஆறு சாதிகளாகப் பிரித்தார். பின்னர் மரபணு ஆய்வு வந்தது. 2016இல் உலகப் பன்னவியலாளர் பலர் கூடி வெளியிட்ட வகைப்பாட்டில் சாதிகள் மூன்று. சயாதியா பெரும்பாலும் அமெரிக்கக் கண்டத்துக்குரியதாயிற்று. நம் நாட்டு மரப்பன்னங்கள் பல அல்சோபிலாவாயின. தென்மேற்கு மழைக்காட்டில் வளரும், இலை பிளவுபடாத, இலங்கைக்கே உரிய மரப்பன்னமும் அவற்றுள் ஒன்று.

இத்தனை பெயர் மாறியும் பள்ளத்தில் நின்ற பன்னத்துக்கு ஓர் இலைகூட உதிரவில்லை. மனிதரைப் பிரித்த கதை அப்படியல்ல. 1911 குடிசன மதிப்பீடு எம்மவரை 'இந்தியத் தமிழர்' என்று தனியே எழுதியது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் பல குடும்பங்களைக் கப்பலேற்றியது. எஞ்சி நின்றோர்க்கு 2003இலேயே சட்டம் வழி திறந்தது.

கிண்ணம் சரியான அடையாளமல்ல என்று கண்டதும் விஞ்ஞானிகள் ஏட்டைத் திருத்தினார்கள். பன்னத்துக்கு அதனால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. அந்தப் பள்ளத்தைக் கடந்து தினமும் கொழுந்தெடுக்கப் போன என் பாட்டியோ, தன் ஏடு திருத்தப்படுமுன்பே கண்ணை மூடிவிட்டார்.