காதோரத்துப் பஞ்சு: நாங்குநேரிப் பக்கம் வாசனை வாங்கின கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு பெர்ஃப்யூம் பத்திப் பேசப்போறோம். அதை எப்படித் தயாரிக்கிறாங்கன்னு இல்ல, நாம அதை எப்படி வாங்குறோம், அதுக்குப் பின்னால என்ன வரலாறு இருக்குங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

நம்ம நகரங்கள்ல இப்போ 'நிஷ் பெர்ஃப்யூம்' கடைகள் வந்திருக்கு. சின்ன நிறுவனங்கள் கொஞ்சமா செஞ்சு விக்கிற வாசனைகள். 1976-ல பாரிஸ்ல தொடங்கின லார்ட்டிசான் பார்ஃப்யூமர் மாதிரி நிறுவனங்கள்ல இருந்து வளர்ந்த ஒரு கலாசாரம் இது. கடைக்குள்ள போனா உட்கார வைப்பாங்க. வெள்ளை அட்டைத் துண்டுல தெளிச்சுக் கொடுப்பாங்க. "மழையில நனைஞ்ச மண் பிடிக்குமா, பழைய மரப்பெட்டி பிடிக்குமா"ன்னு கேப்பாங்க. அந்தக் கடைகளுக்குப் போய்ட்டு வந்த நண்பர்கள்கிட்ட என்ன பிடிச்சதுன்னு கேட்டேன். பாட்டிலைப் பத்தி யாரும் பேசல. "எனக்கு என்ன பிடிக்கும்னு ஒருத்தர் கேட்டார்"னுதான் சொன்னாங்க.

இந்தப் பதில் என் மண்டைக்குள்ள ரொம்ப நாள் ஓடிட்டு இருந்துச்சு. ஏன்னா எங்க ஊர் நாங்குநேரி. எங்க பக்கத்துல பெரும்பாலான ஜனங்களுக்கு வாசனைங்கிறது ரொம்ப காலம் தேர்ந்தெடுக்கிற பொருளா இருந்ததில்ல. யாரோ கொடுக்கிறது. கொடுத்தாத்தான் உண்டு.

முதல்ல வசதியானவங்க கதையைச் சீக்கிரம் முடிச்சிடுறேன். சிலப்பதிகாரத்துல இந்திரவிழவூரெடுத்த காதையில, புகார் நகரத்து வீதியில வாசனைப் பொடி, சந்தனக் குழம்பு, பூ, புகைப் பொருள் எல்லாம் கூவி விக்கிறவங்க வர்றாங்க. கடலாடு காதையில மாதவி தலைமுடிக்குப் போடுற ஊறல் நீர்ல பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை. அந்த ஐந்து விரை என்னன்னு உரையில சொல்லியிருக்கு: கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம். கோட்டம்ங்கிறது இமயமலைப் பக்கத்து வேர். அகில் கிழக்கே இருந்து வர்ற கட்டை. துருக்கம் எங்கிருந்து வந்திருக்கும்னு பேரே சொல்லுது. சந்தனம்? அது தென்மலைச் சரக்கு, அதாவது நம்ம தாமிரபரணி பிறக்குற பொதிகைப் பக்கம். மாதவியோட குளியலறையில பாதி ஆசியா இருந்திருக்கு. ஆனா மாதவி ஊருக்கு ஒருத்திதான்.

மத்தவங்களுக்கு வாசனை எங்க கிடைச்சது? கோயில்ல, கல்யாண வீட்டுல.

நாங்குநேரி வானமாமலைக் கோயில் 108 திவ்யதேசத்துல ஒண்ணு. பெருமாளுக்குத் தினமும் தைலக் காப்பு உண்டு. அந்தத் தைலத்தைக் கோயிலுக்குள்ளயே ஒரு எண்ணெய்க் கிணத்துல சேர்த்து வைக்கிறாங்க. தோல் வியாதிக்கு நல்லதுன்னு நம்பி வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து வாங்கிட்டுப் போவாங்க. யோசிச்சுப் பாருங்க, உலகத்துல வேற எந்தக் கடையிலயும் கிடைக்காத ஒரு சரக்கு. 'எக்ஸ்க்ளூசிவ்'ங்கிற வார்த்தைக்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்!

ஆனா அந்த வார்த்தைக்கு 'வெளியே நிறுத்துறது'ன்னும் ஒரு அர்த்தம் இருக்கே. கோயில்ல தீர்த்தம், சந்தனம், மாலை, பரிவட்டம் எல்லாம் வெறும் பொருள் இல்ல, மரியாதை. முதல்ல யாருக்கு, ரெண்டாவது யாருக்குங்கிற வரிசை. அந்த வரிசைக்காக வெள்ளைக்காரன் காலத்துல கோர்ட்டு வரைக்கும் போயிருக்காங்க. வரிசையிலயே இல்லாதவங்க நிலைமை இன்னும் மோசம். 1897-ல கமுதிக் கோயிலுக்குள்ள நுழைஞ்ச நாடார்கள் மேல வழக்குப் போட்டு, அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல அவங்களுக்கு எதிராவே தீர்ப்பு வந்துச்சு. ஆரல்வாய்மொழி தாண்டினா திருவிதாங்கூர். அங்க 1936 நவம்பர் 12-ல கோயில் நுழைவுப் பிரகடனம் வந்துச்சு. இந்தப் பக்கம் மெட்ராஸ் மாகாணத்துல 1939 ஜூலை 8-ல மதுரை மீனாட்சி கோயில் நுழைவு. முழுசா எல்லாக் கோயிலுக்கும் சட்டம் வர 1947 ஆயிருச்சு.

எங்க தாத்தாவோட அப்பா வெளியே நின்னு கோபுரத்தைக் கும்பிட்டுட்டுத் திரும்பின ஆளு. உள்ள இருந்து காத்துல வர்ற வாசனைதான் அவருக்கு.

கல்யாண வீடும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். வாசல்ல சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. முக்கியஸ்தர் வந்தா பன்னீர் தாராளமா விழும். கடைசிப் பந்திக்கு வர்றவங்களுக்கு? செம்பு காலியா இருக்கும். இன்னைக்கும் சில வீட்டுல பார்க்கலாம்.

இந்த இடத்துலதான் அத்தர் பாய் வர்றார். என் பார்வையில இந்தக் கதையோட ஹீரோ அவர்தான்.

காயல்பட்டினத்துக்கும் அரபு நாட்டுக்கும் கடல் வழி உறவு ரொம்பப் பழசு. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்துக்கு ஏடன், ஹோர்முஸ் பக்கத்துக் கப்பல்கள் வர்றதைப் பத்தி எழுதியிருக்கார். சாராயம் கலக்காத வாசனைங்கிறதால தொழுகைக்குப் போறவங்க அத்தரைத்தான் விரும்புவாங்க. அதனால பள்ளிவாசல் பக்கம், கந்தூரி நடக்குற இடம், மேலப்பாளையம் மாதிரி ஊர்க் கடைத்தெரு, இங்கெல்லாம் அத்தர் விக்கிறவங்களைப் பார்க்கலாம். பொட்டல்புதூர் தர்கா மாதிரி இடத்துக்கு எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. அவங்களும் வாங்குவாங்க.

வாங்குற முறையைக் கவனிங்க. மரப்பெட்டியில வரிசையா கண்ணாடிக் குப்பி. மூடியிலயே நீளமா ஒரு கண்ணாடிக் குச்சி. "வாங்க அண்ணாச்சி"ன்னு சொல்லி, புறங்கையில ஒரு கோடு. தேய்க்கக் கூடாது, காத்திருக்கணும். ரோஜா, ஹினா, தாழம்பூ, மஜ்மூஆ, ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸ்னு ஒவ்வொண்ணா. எது பிடிக்குதோ அதுல ஒரு துளியைப் பஞ்சுல தொட்டு, காது மடிப்புல வச்சு விடுவார். உடம்புச் சூட்டுல மெதுவா எழும்பிக்கிட்டே இருக்கும். சாராயத்துல கரைச்ச சென்ட் பட்டுனு பறந்து எட்டு வீட்டுக்குத் தெரியும். எண்ணெய் அத்தர் தோலோடயே கிடக்கும், கிட்ட வர்றவங்களுக்கு மட்டும்தான் தெரியும். விலை தோலாக் கணக்கு. ஒரு தோலா 11.66 கிராம். அவ்வளவு முடியாதவங்களுக்குச் சின்னக் குப்பி. அதுவும் முடியாதவங்களுக்குப் பஞ்சு மட்டும்.

எங்க தாத்தா பஞ்சு மட்டும் வாங்கின ஆளு. "அந்தப் பெட்டி முன்னால உட்கார்ந்தா, உனக்கு எது வேணும்னு பாய் கேப்பாருல்லா"ம்பார். அதுக்காகவே போவாராம். அப்பாவுக்குக் காத்துல வந்தது, மகனுக்குக் கேட்டுக் கொடுக்கப்பட்டது. நடுவுல ஒரு தலைமுறைதான்.

ரொம்ப இனிப்பாச் சொல்லிட்டுப் போக விரும்பல. அந்தப் பெட்டி முன்னால காசு பேசத்தான் செஞ்சது. அதைவிட முக்கியம், உட்கார்ந்தவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. எங்க ஆச்சி, ராத்திரி தாத்தா காதுல இருந்து அந்தப் பஞ்சை எடுத்து டிரங்குப் பெட்டியில சேலை மடிப்புக்குள்ள வைப்பா. அவ சேலையில இருந்த வாசனை முழுக்க தாத்தா தேர்ந்தெடுத்தது.

சரக்கும் மாறிக்கிட்டே வந்துச்சு. கன்னோஜ் ஊர்ல செம்புப் பானையில பூவை வேகவச்சு, ஆவியை மூங்கில் குழாய் வழியா சந்தன எண்ணெய்க்குள்ள இறக்குறதுதான் அசல் அத்தர். அடிமரம் சந்தனம்னு வைங்க. அந்தச் சந்தனத்தைத்தான் திப்பு சுல்தான் 1792-ல அரச மரம்னு அறிவிச்சார். முதல் உலகப்போர்ல ஜெர்மனிக்குக் கட்டை அனுப்ப முடியாமப் போனதும், 1916-ல மைசூர் அரசே எண்ணெய் வடிக்க ஆரம்பிச்சது. பிற்பாடு கடத்தலும் தட்டுப்பாடும் சேர்ந்து விலை ஏறினதும், கன்னோஜ்லயே பலர் சந்தன எண்ணெய்க்குப் பதிலா பாரஃபின் எண்ணெய்க்கு மாறிட்டாங்க. லேபிள் கிடையாது, பில் கிடையாது. "இது அசல், இது எசன்ஸ்"னு பாய் சொல்ற வார்த்தைதான் சான்றிதழ். அதுக்கு மேல உங்க மூக்கு.

1973-க்கு அப்புறம் எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவுக்கு நம்ம ஆட்கள் போக ஆரம்பிச்சாங்க. திரும்பி வரும்போது பெட்டி நிறைய ஃபாரின் சென்ட். மாமாவுக்கு ஒண்ணு, சித்தப்பாவுக்கு ஒண்ணு, எல்லாம் ஒரே பாட்டில். கல்யாணத்துல பாதிப் பேர் ஒரே வாசனை! வாசனை மறுபடியும் யாரோ கொடுக்குற பொருளாயிருச்சு.

இன்னைக்கு நிஷ் கடையில மேல்தட்டு அலமாரியில இருக்கிறது ஊத். அது வேற ஒண்ணும் இல்ல, மாதவி காலத்து அகில்தான். அஸ்ஸாம் ஹோஜாய்க்காரர் அஜ்மல் அலி 1951-ல பம்பாய்ல தொடங்கின வியாபாரம், பின்னால வளைகுடாவுல பெரிய பேராச்சு. காட்டுல அகில் மரம் அழிஞ்சுக்கிட்டு வர்றதால 1995-ல இருந்து சர்வதேச வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கு. விலை ஏன் அப்படின்னு இப்போ புரியும்.

தாத்தா போன பிறகு ஒரு தடவை ஆச்சியை மேலப்பாளையத்துல ஒரு அத்தர் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். "உங்களுக்கு என்ன வாசனைம்மா வேணும்"னு கடைக்காரர் கேட்டார். ஆச்சி என்னைப் பார்த்தா. நான் வாயைத் திறக்கல. ரோஜாவைத் தள்ளினா. மல்லிகையைத் தள்ளினா, "இது தலையிலதான் வைக்கணும், குப்பியில என்னத்துக்கு"ன்னுட்டா. ஹினா பிடிக்கல. தாத்தா வழக்கமா வாங்குற மஜ்மூஆவை மோந்ததும், "இது வேண்டாம், இது வீட்ல நெறைய கெடந்துச்சு"ன்னா. ஏழெட்டுக்கு அப்புறம் தாழம்பூ. கையை மூக்குலயே வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தா. கடைக்காரர் அவசரப்படுத்தல. மூணு மில்லி வாங்கினோம். பஸ்ல வரும்போது குப்பியை என்கிட்டக் கொடுக்கல, முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டா.

அடுத்த எபிசோட்ல இதே ரோட்டுல இன்னும் கொஞ்சம் தெற்கே போவோம். தோவாளைப் பூச்சந்தை. விடியறதுக்கு முன்னால போகணும், அலாரம் வச்சுக்கோங்க.