ஜப்பானியக் குழந்தைகளின் கறிச்சோறு

ஜப்பானில் 'கரே ரைசு' என்று வழங்கும் கறிச்சோறு, அந்நாட்டுக் குழந்தைகள் விரும்பி உண்ணும் வீட்டு உணவுகளுள் ஒன்றாகும். இறைச்சி, வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவற்றை வேகவைத்து, கறிப்பொடி சேர்த்து, கொழுப்பில் வறுத்த கோதுமை மாவால் கெட்டியாக்குவர். இந்தக் குழம்பைத் தட்டில் சோற்றின் ஒரு பக்கத்தில் ஊற்றித் தருவர். குச்சிகளால் உண்ணும் வழக்கமுள்ள ஜப்பானியர், இதைக் கரண்டியால் உண்கின்றனர்.

இவ்வுணவு ஜப்பானில் பிறந்ததன்று. இந்தியச் சமையலின் சாயலோடு இங்கிலாந்தில் உருமாறி, 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்தது. அப்படி வந்த அயல் உணவு, நூறு ஆண்டுகளுக்குள் 'அம்மாவின் கைச்சுவை' என்று பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கும் உணவாயிற்று. உணவகங்கள் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியாது. வீட்டு அடுப்பில் எளிதாகச் சமைக்கவும், சிறு குழந்தை காரமின்றி உண்ணவும், பள்ளிப் பிள்ளை தானே செய்து பழகவும் ஏற்றதாக அது மாறியதே காரணம்.

சொல்லின் பயணம்

'கறி' என்னும் தமிழ்ச் சொல்லே போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது என்பது அகராதி ஆசிரியர் பலரின் கருத்து. 1747இல் இலண்டனில் வெளியான ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறை உள்ளது. பின்னர் ஆங்கிலேய வணிகர்கள், பல மசாலாப் பொருள்களை முன்கூட்டியே அரைத்துக் கலந்து 'கறிப்பொடி' என்று விற்றனர். நம் வீடுகளில் குழம்புக்குக் குழம்பு மசாலா வேறுபடும். ஆங்கிலேயரோ எல்லாவற்றையும் ஒரே பொடியில் அடக்கினர். ஜப்பானியர் கையில் முதலில் கிடைத்தது இந்த ஆங்கிலேயப் பொடியும், மாவால் கெட்டியாக்கும் ஆங்கிலேய முறையுமே. அதனால் அவர்கள் கறியை 'மேலைநாட்டு உணவு' என்றே எண்ணினர்.

ஜப்பானில் முதல் அறிமுகம்

1859இல் யோக்கோகாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1860இல் அறிஞர் ஃபுகுசாவா யுகிச்சி வெளியிட்ட சொற்பட்டியலில் கறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றது. 1871இல் கல்விக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேறிய யமகாவா கென்ஜிரோ என்ற இளைஞர், கப்பல் உணவில் பழக்கமானது சோறு ஒன்றே என்பதால் கறிச்சோற்றைக் கேட்டு வாங்கினார். ஆனால் மேலே ஊற்றியிருந்த குழம்பைத் தொடாமல் சோற்றை மட்டும் உண்டார். இவரே பின்னாளில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர்.

குழம்பின் மணம் மட்டுமன்று, இறைச்சியும் அக்கால ஜப்பானியருக்குத் தடையாக இருந்தது. 675இல் பேரரசர் தெம்மு மாடு, குதிரை, கோழி முதலியவற்றின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். பௌத்தச் செல்வாக்கால் பல நூற்றாண்டுகள் மாட்டிறைச்சி பெரும்பாலான வீடுகளுக்குள் நுழையவில்லை. 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியானதும் நாட்டின் போக்கு மாறத் தொடங்கியது. அதே ஆண்டில் வெளிவந்த இரண்டு மேலைநாட்டுச் சமையல் நூல்களில் கறிக்கான செய்முறைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று மீன், இறால், சிப்பி ஆகியவற்றோடு தவளையையும் சேர்க்கச் சொல்கிறது. இன்று இன்றியமையாதவையாகிவிட்ட உருளைக்கிழங்கும் கேரட்டும் அதில் இல்லை. ஹொக்கைடோவில் இக்காய்களின் சாகுபடி வளர்ந்த பிறகே அவை கறியில் நிலைபெற்றன.

கப்பலிலிருந்து வீட்டுக்கு

கறி நாடெங்கும் பரவியதில் படைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையே பெரிதும் நம்பியிருந்த கடற்படையினர் பெரிபெரி நோயால் வாடினர். 1883இல் நீண்ட பயணம் முடித்துத் திரும்பிய 'ரியூஜோ' கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு அந்நோய் கண்டது. 25 பேர் இறந்தனர். உணவுக் குறையே காரணம் என்று கருதிய கடற்படை மருத்துவர் தக்காகி கனேஹிரோ, 1884இல் 'ட்சுகுபா' கப்பலை மாற்று உணவுடன் அதே வழியில் அனுப்பச் செய்தார். அப்பயணத்தில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. புரதக் குறையே நோய்க்குக் காரணம் என்று அவர் நினைத்தார். வைட்டமின் பி1 குறைவே உண்மைக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் இறைச்சியையும் தானியங்களையும் கூட்டிய அவரது வழி பலன் தந்தது.

இறைச்சி, காய், கோதுமை மாவு, சோறு எல்லாம் ஒன்றாகச் சேரும் கறிச்சோறு இத்தகைய உணவு முறைக்குப் பொருந்தியது. பெரிய பாத்திரத்தில் ஒரேயடியாகப் பலருக்குச் சமைக்கவும் அது வசதியாக இருந்தது. 1908இல் கடற்படை வெளியிட்ட சமையல் கையேட்டில் மாட்டிறைச்சி அல்லது கோழி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, மாவு, கறிப்பொடி கொண்ட செய்முறை காணப்படுகிறது. சட்னி போன்ற தொடுகறியைச் சேர்த்துப் பரிமாற வேண்டும் என்றும் அது கூறுகிறது. படைப்பணி முடித்து ஊர் திரும்பிய இளைஞர்கள் வழியாக இச்சுவை சிற்றூர்களையும் எட்டியது.

இதே காலத்தில் கறிப்பொடியும் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கியது. 1905இல் ஒசாகாவில் 'ஹாச்சி' என்ற பெயரில் கறிப்பொடி விற்பனைக்கு வந்தது. 1923இல் யமசாகி மினேஜிரோ டோக்கியோவில் தொடங்கிய நிறுவனமே இன்றைய எஸ் அண்ட் பி.

தனித்தட்டும் பொதுமேசையும்

பழைய ஜப்பானியக் குடும்பங்களில் ஒவ்வொருவருக்கும் சிறு கால்கள் கொண்ட தனி உணவுத் தட்டம் இருந்தது. உட்காரும் இடத்திலும் உணவிலும் மூத்தவர், இளையவர், ஆண், பெண் என்ற வரிசை காக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் 'சபுதாய்' என்னும் குட்டையான பொதுமேசை வீடுகளில் பரவியது. தாத்தா முதல் பேரன்வரை ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். 1955இல் தொடங்கிய ஜப்பான் வீட்டுவசதிக் கழகம், சமையலறையும் உணவறையும் ஒன்றாய் அமைந்த அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. அதே ஆண்டில் தோஷிபா நிறுவனத்தின் தானியங்கி மின்சோற்றுப் பானையும் விற்பனைக்கு வந்தது. அடுப்பருகே நின்ற தாயும் மேசையில் அமர்ந்த பிள்ளையும் ஒரே அறையில் பேசிக்கொள்ள முடிந்தது. ஒரே பாத்திரத்தில் சமைத்து எல்லாருக்கும் ஊற்றித் தரும் கறிச்சோறு இந்தப் புதிய குடும்ப வாழ்வுக்கு இசைவான உணவாயிற்று.

ராஷ் பிகாரி போஸின் கறி

ஜப்பானியருக்கு இந்திய முறைக் கறியை அறிமுகம் செய்த கதையும் ஒரு குடும்பக் கதையே. 1912இல் டில்லியில் வைசிராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்டதில் தொடர்புடைய புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ், 1915இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். நாட்டை விட்டு வெளியேறும்படி ஆணை பிறந்தபோது, டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் 'நகமுராயா' ரொட்டிக்கடை நடத்திய சோமா ஐசோவும் அவர் மனைவி கொக்கோவும் அவரைத் தங்கள் கடையின் பின்புறத்தில் மறைத்து வைத்துக் காத்தனர். 1918இல் அவர்களின் மகள் தோஷிகோவை போஸ் மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். 1925இல் தோஷிகோ இளம் வயதிலேயே காலமானார்.

1927இல் நகமுராயாவில் உணவுப்பகுதி தொடங்கியபோது, இந்தியாவில் உண்ணும் கறியையே பரிமாற வேண்டும் என்று போஸ் விரும்பினார். செய்முறையையும் அவரே கற்றுத்தந்தார். மாவு சேர்த்துக் கெட்டியாக்காமல், எலும்போடு கூடிய கோழித் துண்டுகளை மசாலாவில் வேகவைக்கும் கறி அது. மணம் கடுமையாக இருந்ததால் முதலில் வாடிக்கையாளர் சிலர் தயங்கினர். நம் நாட்டு வகையான நீள அரிசியும் ஜப்பானியருக்குப் பிடிக்கவில்லை. அரிசியை மாற்றிய பின்னரே கறி விரும்பப்பட்டது. மற்றக் கடைகளில் 10, 12 சென்னுக்குக் கிடைத்த கறி, இங்கே 80 சென் விலைக்கு விற்றது. நகமுராயா இன்றும் இக்கறியைப் பரிமாறி வருகிறது.

போஸ் பின்னாளில் தென்கிழக்காசியாவில் இந்திய சுதந்திரச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். மலாயாவின் தமிழர் பலர் அதில் இணைந்தனர். 1943இல் சிங்கப்பூரில் தலைமைப் பொறுப்பை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்த அவர், தாய்நாடு திரும்பாமலேயே 1945 ஜனவரியில் டோக்கியோவில் காலமானார். ஜப்பானியராக வளர்ந்த அவர் மகன், அதே ஆண்டில் ஒகினாவா போரில் உயிரிழந்தார்.

போஸின் கறி அதன் மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் விலை உயர்ந்த உணவக உணவாகவே அது தங்கிவிட்டது. மாவு கலந்த உருமாறிய கறியே வீடுகளுக்குள் சென்றது.

கறிக்கட்டியும் குழந்தையின் நாவும்

பொடியைப் பயன்படுத்திக் கறி செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. மாவைக் கருகாமல் வறுக்கவும், கட்டி விழாமல் கரைக்கவும் கைப்பழக்கம் வேண்டும். 1950களில் மாவு, கொழுப்பு, மசாலா, உப்பு எல்லாம் சேர்த்து சாக்லேட் போலக் கட்டியாக்கி விற்கும் முறை பரவியது. காய்களை வேகவைத்துக் கட்டியை உடைத்துப் போட்டால் கறி தயார். புதிதாகச் சமைப்பவருக்கும் தவறாத உணவாயிற்று.

காரம் மட்டும் குழந்தைகளுக்குத் தடையாக நின்றது. 1963இல் ஹவுஸ் நிறுவனம் ஆப்பிளும் தேனும் சேர்த்த 'வெர்மான்ட் கறி'யை வெளியிட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆப்பிள் காடியையும் தேனையும் கலந்து உடல்நலத்துக்காக அருந்தும் நாட்டு வழக்கமே பெயருக்குக் காரணம். இந்தியாவின் மசாலா, இங்கிலாந்தின் மாவு, அமெரிக்க மாநிலத்தின் பெயர், ஜப்பானின் அரிசி ஆகிய நான்கும் ஒரே தட்டில் சேர்ந்தன. பெரியவருக்குத் தனியாக, சிறுவருக்குத் தனியாகச் சமைக்க வேண்டிய தேவை குறைந்தது.

1968இல் ஒட்சுகா நிறுவனம், கொதிநீரில் பையோடு சூடாக்கி உண்ணும் 'பான் கறி'யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்ல, பள்ளி முடிந்து தாமே கதவைத் திறந்து வீட்டுக்குள் செல்லும் பிள்ளைகளை 'சாவிப் பிள்ளைகள்' என்று ஜப்பானியர் அழைத்த காலம் அது. தனித்திருக்கும் பிள்ளையும் சூடான உணவு உண்ண இப்பை உதவியது. ஆனால் எல்லாரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து உண்ட உணவு, ஒருவர் தனியே உண்ணும் உணவாகவும் மாறியது.

பள்ளியில் கறி

1954இல் பள்ளி மதிய உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. போருக்குப் பின் நெடுங்காலம் ரொட்டியும் பாலுமே பள்ளி உணவின் அடிப்படை. 1976இல் சோறு முறையாகச் சேர்க்கப்பட்ட பின் கறிச்சோறு பள்ளிகளில் எளிதாக இடம்பிடித்தது. 1982 ஜனவரி 22 அன்று நாடெங்கும் பள்ளிகளில் வழங்குவதற்கான பொது உணவாகக் கறி தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நாள் இன்று 'கறி நாள்' எனப்படுகிறது.

பிள்ளைகள் உண்பதோடு நிற்காமல் சமைக்கவும் கற்கின்றனர். 1947 முதல் தொடக்கப்பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் ஆண், பெண் இருபாலருக்கும் மனையியல் பாடம் உண்டு. மேல்வகுப்புகளில் நெடுங்காலம் சமையல் பெண்களுக்கே உரியதாக இருந்தது. 1993இல் நடுநிலைப் பள்ளிகளிலும் 1994இல் மேனிலைப் பள்ளிகளிலும் அது இருபாலருக்கும் பொதுவாயிற்று. வெளியூர் முகாம்களில் மாணவர்கள் குழுவாகப் பிரிந்து விறகு மூட்டி, காய் நறுக்கி, 'ஹாங்கோ' என்னும் பாத்திரத்தில் சோறு வடித்துக் கறி சமைப்பது பரவலான வழக்கம். ஹாங்கோ, படைவீரர்கள் பயன்படுத்திய பாத்திரமாகும். படையின் பாத்திரமும் படை பரப்பிய உணவும் பத்து வயதுப் பிள்ளைகளின் கையில் விளையாட்டாகச் சேர்ந்துவிட்டன.

பெற்றதும் இழந்ததும்

இவ்வரலாற்றைக் கொண்டு, அயல் உணவு ஒன்று ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாகும் வழியை உணரலாம். தூய வடிவத்தில் வந்த கறி மதிக்கப்பட்டது; மாறிய வடிவத்தில் வந்த கறியே வீட்டு உணவாயிற்று. காரம் குறைந்து, இனிப்புக் கூடி, ஊறுகாய்க்குப் பதில் 'ஃபுகுஜின்சுகே' என்ற ஜப்பானியத் தொடுகறி சேர்ந்தது. இம்மாற்றங்களால் சிறு குழந்தையும் தாத்தாவும் ஒரே கறியை உண்ண முடிந்தது. அதே வேளையில், மசாலாவைத் தனித்தனியே வறுத்து அரைக்கும் கைத்திறன் கட்டிக்குள் மறைந்தது. வீட்டுக் கறியை உண்டு வளரும் பிள்ளைக்கு அதன் பின்னாலுள்ள இந்தியா பெரும்பாலும் தெரிவதில்லை.

தமிழ் மாணவர்களுக்கும் இதில் கற்க இடமுண்டு. நம் சாம்பாரின் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. அவற்றை அயலவை என்று இன்று எவரும் எண்ணுவதில்லை. 2020இல் ஜப்பானின் 'கோகோ இச்சிபான்யா' கறி உணவகம், இந்தியாவில் தன் முதல் கிளையைக் குருகிராமில் திறந்தது. இந்தியாவிலிருந்து புறப்பட்ட கறி, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஜப்பானியக் குடும்பங்களில் வளர்ந்து, ஜப்பானிய உணவு என்ற பெயரோடு இந்தியாவுக்கே திரும்பி வந்துள்ளது.